தீர்த்தகிரிக்கு நட்ட கல்

ரங்கோனுக்கு வடக்கே ஆற்றங்கரைப் பட்டாளப் பாளையத்தில், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த கும்பினிச் சிப்பாய் தீர்த்தகிரியின் உச்சந்தலையிலிருந்து நல்லெண்ணெய் ஒழுகத் தொடங்கியது. நெற்றியில் இறங்கி, மூக்கின் இரண்டு பக்கமும் வழிந்து, சிவப்புச் சட்டையில் கறுப்பாகப் படிந்தது. அவர் துடைக்கத் துடைக்க ஒழுகியது. எண்ணெய் நின்றதும் மஞ்சள் தண்ணீர் வழிந்தது, மஞ்சள் தண்ணீர் நின்றதும் நெற்றியில் குங்குமம் ஈரமாக ஒட்டியது, அதற்குப் பிறகு மூன்று மாதமாகப் புழுத்த அரிசிக் கஞ்சியைத் தவிர வேறொன்றும் காணாத அவருடைய வாயில் வெல்லப் பொங்கலும் ஆட்டு ஈரலும் ஈச்சங்கள்ளும் ஒன்றன்பின் ஒன்றாக ருசித்தன. வயிறு நிறைந்து ஏப்பம் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊத்தங்கரைச் சிப்பாய் மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்துவிட்டு, "என்னா மச்சான், ஊர்ல உனக்குக் கல்லு நட்டுட்டாங்க போல" என்றான்.

தீர்த்தகிரியும் அதைத்தான் நினைத்தார். எண்ணெய், மஞ்சள், குங்குமம், பொங்கல், ஈரல், கள். வரிசை பிசகவில்லை.

செங்கத்து மலையடிவாரத்தில் சண்டையில் செத்தவனை அழுது முடித்துவிட்டுப் போய்விடுகிற வழக்கம் இல்லை. மாடு மீட்கப் போய்ச் செத்தவனானாலும், புலியோடு கட்டிப் புரண்டு செத்தவனானாலும், எந்த ராசாவுக்காகவோ எந்த ஊரிலோ போய்ச் செத்தவனானாலும், கல்லில் உருவம் அடித்து, ஊர் எல்லையில் நட்டு, வேடியப்பன் என்று பேர் சொல்லிச் சாமியாக்கிவிடுவார்கள். செத்தவனுடைய பங்கு நிலத்தைக் கல்லுக்கு விட்டுவிடுவார்கள். கல்லுக்கு யார் செவ்வாய்க்கிழமை தவறாமல் பூசை வைக்கிறானோ அவன் அந்த நிலத்தை உழுது சாப்பிடலாம். இது நல்ல வழக்கம்தான். செத்தவன் செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கப்பலில் வாந்திபேதி கண்டு செத்துக் கடலில் போடப்பட்டவன் வேறொரு தீர்த்தகிரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தான். பட்டாளத்தோடு போய்த் திரும்பிவந்த சமையல்காரன் ஒருவன் செங்கம் சந்தையில் புளி வாங்கிக்கொண்டிருந்தபோது, "தீர்த்தகிரி போய்ட்டாம்பா" என்று யாரிடமோ சொன்னான். அதை எங்கள் தொட்டிக்கொல்லை ஊர் மாதையன் கேட்டான். தீர்த்தகிரியின் கூடப்பிறந்த அண்ணன். எந்த ஊர்த் தீர்த்தகிரி என்று திருப்பிக் கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை என்று அவன் வீட்டார் சொல்வார்கள், துக்கத்தில் அப்படி ஆகிவிட்டதாம். தீர்த்தகிரியின் பங்கு ஏரி மதகுக்கு நேர் கீழே இருந்த இரண்டு காணிக் கழனி என்பதையும், மாதையனின் பங்கு தண்ணீர் வந்தும் வராத கடைமடையில் இருந்தது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

கல்தச்சன் துப்பாக்கியைப் பார்த்ததில்லை. மாதையன் கையால் நீளம் காட்டிச் சொன்ன அடையாளத்தைக் கேட்டு, உலக்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நெல் குத்தக் கிளம்பியவன் மாதிரி ஒரு உருவத்தை அடித்துக் கொடுத்தான். அதை நட்டார்கள். அன்றைக்கே தீர்த்தகிரியின் பெண்டாட்டி உண்ணாமலையை அந்தக் கல்லுக்கு முன்னால் உட்காரவைத்துத் தாலி அறுத்தார்கள். அவளுக்கு இருபது வயது. மடியில் செல்லி என்று ஒரு பெண்குழந்தை, இரண்டு வயது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தீர்த்தகிரி வாயால் தின்றது எதுவும் வயிற்றில் சேரவில்லை. கஞ்சி குடித்தால் மணலைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது, பசி இருந்த இடத்திலேயே இருந்தது. கடலுக்கு அப்பால் ஊர் எல்லையில் அண்ணன் பொங்கல் வைக்கிறபோது மட்டும் வயிறு நிறையும், அடுத்த செவ்வாய் வரைக்கும் தாங்கும். பாளையத்தில் பாதிப் பேர் பசியிலும் பேதியிலும் செத்தார்கள். அவர் சாகவில்லை. அந்தச் சண்டையில் அவர் பிழைத்து வந்ததே தங்கள் தாத்தன் வைத்த பொங்கலால்தான் என்று மாதையன் வீட்டார் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

சண்டையைப் பற்றி அவர் பிற்பாடு பெண்டாட்டியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். கோட்டையைப் பிடித்ததையோ, இடது தொடையில் குண்டு பட்டதையோ அல்ல. மழைமூட்டத்தில் ஒரு ஆள் இடுப்பளவு பச்சைக்குள் குனிந்து குனிந்து எழுந்ததையும், கையில் எதையோ பிடித்திருந்ததையும், சுடு என்று பின்னாலிருந்து குரல் வந்ததையும், சுட்டதையும், கிட்டப் போய்ப் பார்த்தபோது அந்தக் கையில் நாற்று முடிச்சு இருந்ததையும் சொன்னார். "பாதிக் கழனி நட்டு முடிச்சிருந்தான்" என்றார். "மீதி அப்படியே கெடந்தது."

ஐந்து வருஷம் கழித்துப் பட்டாளம் அவரைப் போகச் சொன்னது. சென்னப்பட்டணத்தில் இறங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில் ஊர் எல்லைக்கு வந்தார். மாதையன் கல்லுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தான். கல்லிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது, எதிரே நின்ற ஆளின் தலையிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது.

"யாருப்பா நீ?" என்றான் மாதையன்.

"எண்ணெ காறலா இருக்குதுண்ணா" என்றார் தீர்த்தகிரி. "போன வாரமும் இதையேதான் ஊத்தின."

ஊர் ஏரிக்கரை மேட்டில் கூடியது. எண்ணெய் ஒழுகுவதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை, வழக்குத் தீர்க்க அது சாட்சியாகுமா என்றுதான் பார்த்தார்கள். ஊர்த்தலைவர் இருசக் கவுண்டர், முறைப்படி சோதித்துவிடுவோம் என்று ஒரு ஆளைக் கல்லுக்கு அனுப்பினார். கல்லின் வாயில் தேன் தடவியபோது மேட்டில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரி, தேன் என்றார். வேப்பங்கொழுந்து அரைத்துத் தடவியபோது துப்பினார். கல்லின் காலடியில் கோழி முட்டை வைத்தபோது, "பச்சையா வெச்சா எப்படித் திங்கறது?" என்றார். கல்லும் ஆளும் ஒன்றுதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சங்கடம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

"என் நெலத்தக் குடுங்க, கவுண்டரே" என்றார் தீர்த்தகிரி.

"யாருப்பா இல்லன்னது? நெலம் கல்லோடது. கல்லு நீ. அப்ப நெலம் உன்னோடதுதான்."

"அப்ப நான் உழறேன்."

"சாமி ஏர் புடிக்குமா? பூசாரி உழுவான், சாமி சாப்புடும். அஞ்சு வருசத்துல ஒரு வாரமாச்சும் உங்கண்ணன் உனக்குக் கொறை வெச்சானா?"

"வெக்கல."

"பின்ன?"

"நான் சாமியில்ல. மனுசன்."

கவுண்டர் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை, வழக்கத்துக்குள்ளே ஒரு வழி தேடத்தான் பார்த்தார். "செத்தவன்னு காரியம் முடிச்ச பின்னால திரும்பி வந்தவனுக்கு வழி இல்லாம இல்ல. தொட்டியில உக்காரவெச்சுத் தண்ணி ஊத்தி, கொழந்தையாத் தூக்கி எடுத்து, காது குத்தி, பேர் வெச்சு ஊருக்குள்ள சேத்துக்குவோம். ஆனா புதுசாப் பொறந்தவனுக்கு, செத்துப்போனவன் பங்குல என்னா பாத்தியதை?"

"எங்கப்பனுக்குத்தானே பொறப்பேன்?"

"உங்கப்பன் செத்து ஒம்போது வருசமாச்சு" என்றான் கூட்டத்தில் ஒருவன். "ஆத்தாளச் சந்தேகப்படறாப்புல ஆயிடும்பா."

ஊர் சிரித்தது. மாதையனும் சிரித்தான். தீர்த்தகிரி அங்கே உட்கார்ந்திருந்தார், இன்னும் அவர் மயிரில் எண்ணெய் இருந்தது.

அன்றைக்கே உண்ணாமலைக்கு மறுபடி தாலி கட்டப் போனவரை ஊர்ப் பெண்கள் தடுத்தார்கள். கல் நிற்கிறவரைக்கும் தாலி ஏறாது என்றார்கள். அறுத்தவள் புருஷனோடு குடியிருப்பதற்கும் வழக்கம் இல்லை, ஆனால் சாமியோடு குடியிருக்கக் கூடாது என்றும் வழக்கம் இல்லை. அதனால் விட்டுவிட்டார்கள். ஊர் அவர்களைத் துரத்தியிருந்தால் வேறெங்காவது போய்ப் பிழைத்திருப்பார்கள். ஊர் துரத்தவில்லை. பழகிக்கொண்டது.

பழகிக்கொண்டதென்றால் எப்படி என்று சொல்கிறேன். மாடு காணாமல் போனவன் கல்லுக்குச் சூடம் கொளுத்திவிட்டு, நேரே தீர்த்தகிரியிடம் வந்து எந்தத் திக்கில் தேடலாம் என்று கேட்டான். அவர் எனக்கெப்படித் தெரியும் என்றால், சாமி சோதிக்கிறது என்று கும்பிட்டுவிட்டுக் கிழக்கே போனான். பிள்ளை இல்லாத ஒருத்தி கல்லின் கழுத்தில் மரத்தொட்டில் கட்டினாள், பத்து மாதம் அவர் கழுத்தை நிமிர்த்த முடியாமல் நடந்தார், பிள்ளை பிறந்ததும் அவள் அதைத் தூக்கிக்கொண்டுவந்து காட்டவில்லை, கல்லுக்குத்தான் காட்டினாள். பொங்கல் நோன்புக்கு வாலிபப் பையன்கள் கல்லின் தலையில் நாலு மொந்தை சாராயம் ஊற்றிவிட்டு, மேட்டுக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் தள்ளாடி விழுவதைப் பார்க்க ஓடிவந்தார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை, கல்லுக்கு முதல் வெற்றிலை வைத்தார்கள்.

செங்கத்துத் தாசில் கச்சேரிக்கு இரண்டு முறை நடந்தார். இந்த ஆள் உயிரோடு இருக்கிறான் என்று ஊர்க்கவுண்டர் கைநாட்டு வைத்துக் கொடுத்தால் மனுவை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். கவுண்டரிடம் வந்து கேட்டார். "உயிரோடதான் இருக்கற. நான் எங்க இல்லன்னேன்?" என்றார் கவுண்டர். "ஆனா கைநாட்டு வெச்சா கல்லு பொய்யாயிடும். கல்லு பொய்யாயிட்டா, நம்ம எல்லையில நிக்கற மத்த ஏழு கல்லும் என்னாவறது?"

கச்சேரிக்குப் போய்வந்த அந்த வாரம் மாதையன் பூசை வைக்கவில்லை. அடுத்த வாரமும் வைக்கவில்லை. தீர்த்தகிரி பானை பானையாகக் களி தின்றார், ஒட்டவில்லை, கண் இருண்டு படுத்துவிட்டார். மூன்றாவது செவ்வாய்க்கு உண்ணாமலை மூத்தார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தம்பிக்குப் பூசை வைங்க, மாமா."

"வெக்கறேன்" என்றான் மாதையன். "கச்சேரிக்குப் போறது நின்னுச்சுன்னா நான் ஏன் வெக்காம இருக்கறேன்?"

நின்றது. பத்தொன்பது வருஷத்துக்கு நின்றது. அண்ணன் பொங்கல் வைத்தான், தம்பி வாயைத் திறக்கவில்லை. வயிறு அடுத்தவன் கையில் இருக்கிறவனுக்கு வழக்கு நிற்காது என்பதைத் தெரிந்துகொள்ள பர்மாவுக்குப் போகவேண்டியதில்லை.

அவர் மலைச்சரிவில், யாரும் தொடாத கல்லாங்காட்டைத் திருத்திச் சாமை விதைத்தார். பகலெல்லாம் கல் பொறுக்கினார். அவர் உழுதது பெண்டாட்டிக்கும் மகளுக்கும் ஆயிற்று, செல்லியை வாணியாற்றுப் பக்கம் கட்டிக்கொடுக்கவும் ஆயிற்று. அவருக்கு அதில் ஒரு மணி ஒட்டியதில்லை. சாயங்காலம் திரும்பிவரும்போது ஏரி மதகுக்கு நேரே நின்று, கீழே பச்சையாக அலைகிற அந்த இரண்டு காணியைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே நிற்பார்.

உண்ணாமலைக்கு வேறொரு குறை இருந்தது. தாலி அறுத்தவள் கல்லுக்குக் கிட்டப் போகக் கூடாது. அவள் சமைத்ததைக் கல்லுக்கு வைக்க முடியாது. வீட்டில் அவள் ஆக்கிப்போட்டதை அவர் அவளுக்காக நாலு வாய் தின்பார், அது எங்கேயும் போய்ச் சேராது என்று அவளுக்கும் தெரியும்.

"இத்தினி வருசமா என் கையால ஒரு வாய் உன் வயித்துக்குள்ள போவல, மாமா" என்பாள்.

"கம்முனு இரு" என்பார் அவர்.

அப்புறம் தாது வருஷம் வந்தது.

அதற்கு முந்தின வருஷமே மழை பொய்த்திருந்தது. அந்த வருஷம் ஆடி போனது, ஆவணி போனது, ஐப்பசியில் ஏரியின் அடிமண் வெடித்து வெடிப்புக்குள் ஆள் கை முழங்கை வரைக்கும் போனது. மாடுகள் நின்ற இடத்தில் மடிந்து உட்கார்ந்தன, எழுந்திருக்கவில்லை. எறும்புப் புற்றைத் தோண்டி எறும்பு சேர்த்துவைத்த தானியத்தைப் புடைத்து எடுத்தார்கள், கற்றாழைக் குருத்தை ஏழு தண்ணீரில் வேகவைத்துத் தின்றார்கள், அதைத் தின்று வயிறு வீங்கிச் செத்தவர்களைத் தூக்கிப்போக நாலு பேர் சேரவில்லை, இரண்டு பேர் இழுத்துப்போனார்கள். மதகுக்குக் கீழே இருந்த கழனியும் மேட்டுக் கொல்லையும் ஒரே நிறமாயின. மாதையன் பொங்கல் வைத்த இடத்தில் களி வைத்தான், களி வைத்த இடத்தில் கூழ் வைத்தான், அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு செம்புத் தண்ணீரை மட்டும் கல்லின் மேல் ஊற்றிவிட்டுப் போனான். தீர்த்தகிரியின் விலா எலும்பை எண்ணலாம்போல் ஆயிற்று. ஊரில் எல்லாருடையதும் அப்படித்தான் இருந்தது, அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மழைக்காக ஊர் கொடும்பாவி கட்டியது. வைக்கோல் இல்லாததால் காய்ந்த ஆவாரஞ்செடியில் ஆள் கட்டி, அதுதான் ஊரிலுள்ள பாவமெல்லாம் என்று தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, ஏரிக்குள் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். மழை வரவில்லை. இதற்கு மேலே எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வழக்கம்தான் உண்டு. இரங்காத சாமிக்கு எரிச்சல் மூட்டுவது. மிளகாயை விழுதாக அரைத்துக் கல்லின் கண்ணிலும் வாயிலும் உடம்பிலும் அப்புவார்கள், எரிச்சல் தாங்காமல் சாமி மழையை விடும்.

இருசக் கவுண்டர் அதற்கு முந்தின நாள் காலையில் தீர்த்தகிரி குடிசைக்கு வந்தார். அவருக்கும் வயசாகியிருந்தது, மூன்று பேரப்பிள்ளைகளைப் புதைத்திருந்தார்.

"நாளைக்கு மொளகா பூசறோம், தீர்த்தகிரி."

"எத்தினி நாளைக்கு?"

"மழ வர்ற வரைக்கும்."

"எனக்கும் மழைக்கும் என்னா சம்மந்தம், கவுண்டரே? இருந்தா என் கொல்லையில சாமை காஞ்சிருக்குமா?"

"அது எங்களுக்குந் தெரியும்பா. சனம் எதையாச்சும் செய்யின்னு கேக்குது. கொடும்பாவி இழுத்தாச்சு. மிச்சம் இருக்கறது நீதான்."

உண்ணாமலை அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "கல்லுக்கு எரியும்னு பூசறீங்களா, இவருக்கு எரியும்னு பூசறீங்களா?"

கவுண்டர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "கல்லுக்கு எரியாதும்மா" என்றார்.

அவர் போன பிறகு உண்ணாமலை, எழுந்திரு மாமா, இப்பவே செல்லி ஊருக்குப் போயிடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். எங்கே போனாலும் கல் இங்கேதானே நிற்கும் என்றார் அவர். அப்புறம் "பாதிக் கழனி நட்டிருந்தான்" என்றார். "பூசட்டும். எனக்கு வரவேண்டியதுதான்."

தின்ன ஒன்றுமில்லாத ஊரில் மிளகாய் மட்டும் மிச்சம் இருந்தது. வீட்டுக்கு ஒரு கைப்பிடி வந்தது. பூசாரி என்பதால் முதல் கை மாதையன் வைத்தான். வைக்கும்போது அழுதான் என்று அவன் வீட்டார் சொல்கிறார்கள். மிளகாய் அரைத்த கை கண்ணில் பட்டால் யாருக்கும் கண்ணீர் வரும்.

முதல் நாள் அவர் சத்தம் போடவில்லை. உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, கண் இரண்டும் புடைத்து மூடிக்கொண்டன. உண்ணாமலை தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றினாள், தண்ணீர் அவர் உடம்பில் பட்டும் படாத மாதிரி வழிந்து போனது, கல்லுக்கு ஊற்றினால்தானே அவருக்கு. இரண்டாம் நாள் மாடு கத்துகிற மாதிரி கத்தினார். ஊர் வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டது. கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் பூசலாம் என்று ஒருவன் சொன்னான், பூசினார்கள். மூன்றாம் நாள் அவருக்குக் கத்தத் திராணி இல்லை.

அந்த மூன்றாம் நாள் உச்சிவேளையில், செங்கம் சாலையில் சர்க்கார் கஞ்சித்தொட்டி திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, நடக்க முடிந்தவர்கள் எல்லாம் கலயத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உண்ணாமலை போகவில்லை. வீட்டில் இருந்த கடைசிக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் கடப்பாரையை இழுத்துக்கொண்டு, தாலி அறுத்தவள் போகக் கூடாத அந்த இடத்துக்கு, அறுத்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் போனாள். குடத்துத் தண்ணீரைக் கல்லின் தலையில் ஊற்றி, கண்ணைக் கழுவினாள், வாயைக் கழுவினாள், தோளில் இருந்த உலக்கையைக் கூடக் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். குடிசையில் கிடந்தவருக்குக் கண் திறந்தது.

அவர் நடந்து வந்து சேர்ந்தபோது அவள் கல்லின் அடியில் முழங்கால் ஆழம் தோண்டியிருந்தாள்.

"புடுங்கினா நீ செத்தாலும் செத்துருவ, மாமா" என்றாள், நிமிராமல்.

"தெரியும்."

"செத்தா எம்புருசனா சாவ."

அவர் கொஞ்ச நேரம் நின்று தன் முகத்தை மாதிரி இல்லாத அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு கடப்பாரையின் மறு முனையைப் பிடித்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆள் பலம்கூட இல்லை. நெம்பி நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி நெம்பி, வெயில் சாயும்போது கல் முகம் குப்புற விழுந்தது.

அவர் சாகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பசிக்குது" என்றார். "இது வேற மாதிரி பசிக்குது."

உண்ணாமலை விதைக்கென்று கூரைக்குள் செருகி ஒளித்துவைத்திருந்த சாமை இரண்டு கைப்பிடி இருந்தது. புருஷன் கத்தியபோதும் அவள் அதைத் தொட்டதில்லை, தொட்டாலும் அவருக்குச் சேராது என்பதால். அதைக் குத்திக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, கையால் அள்ளி அவர் வாயில் ஊற்றினாள். அவர் விழுங்கினார். இருபத்துநாலு வருஷத்துக்குப் பிறகு அது தொண்டையைத் தாண்டி வயிற்றில் போய் உட்கார்ந்ததை அவர் முகத்தில் அவள் பார்த்தாள்.

"உப்புப் பத்தல" என்றார்.

அவள் சிரித்ததாகச் செல்லி சொல்வாள். செல்லியிடம் அவளே சொன்னது.

மறுநாள் காலையில் மஞ்சள் தடவிய ஒரு கயிற்றை உண்ணாமலை கழுத்தில் கட்டிவிட்டு, அவர் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரி மதகுக்குக் கீழே தன் கழனிக்குப் போனார். ஊர் பார்த்தது. கல் விழுந்து கிடந்ததையும் பார்த்தது. தடுக்க ஒருவனுக்கும் தெம்பு இல்லை. மாதையன் மட்டும் வரப்பு வரைக்கும் வந்தான்.

"டேய், கல்லோட நெலம்டா அது."

"கல்லு எங்கண்ணா?" என்றார் தீர்த்தகிரி.

ஏர் இல்லை, மாடு இல்லை. கடப்பாரையால் இரும்பாக இறுகிப்போன மண்ணைக் கீறினார். அன்றைக்கு ஒரு முழம், அடுத்த நாள் இரண்டு முழம். மூன்றாம் நாள் ஒரு ஆள் நீளத்துக்கு உழவுச் சால் முடிந்தது. கூரையில் சாமை முடிந்து போயிருந்தது. அவர் சாலின் ஓரத்தில் உட்கார்ந்தார், சாய்ந்தார், அந்த வருஷம் எங்கள் ஊரில் செத்த நூற்றுப் பதினோரு பேரைப் போலவே, சாமியாக அல்லாமல், சோறு இல்லாமல் செத்தார். புதைக்க அவர் கீறிய சால் போதுமாயிருந்தது. உண்ணாமலையே மண்ணைத் தள்ளினாள். கழுத்துக் கயிற்றை அவளே அறுத்தாள். முதல்முறை ஊர் அழவைத்ததால் அழுதாள், இந்த முறை தானாக அழுதாள்.

அவர் செத்த ஒன்பதாம் நாள் மழை வந்தது. அந்தச் சாலின் மேலும் பெய்தது, மற்ற இடத்திலும் பெய்தது. மிளகாய்க்குக் கொஞ்சம் பிந்தினாலும் சாமி இரங்கிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. மாதையன் நாலு ஆளை வைத்துக் கல்லை நிமிர்த்தி, இந்த முறை அடியில் சுண்ணாம்பும் சல்லியும் போட்டுக் கெட்டியாக நட்டான். அடுத்த போகத்துக்கு அந்தக் கழனியை உழுதான், சால் இருந்த இடத்தையும் சேர்த்து. உண்ணாமலை மகள் வீட்டுக்கு நடந்துபோய், அங்கேயே இருந்து, அங்கேயே செத்தாள். செல்லியின் பேரனுக்குப் பிள்ளை நான்.

கல் இன்னும் நிற்கிறது. உலக்கை வேடியப்பன் என்று இப்போது தகரக் கூரை போட்டிருக்கிறார்கள், ஆடி மாதம் கடைசிச் செவ்வாய்க்கு மாதையன் வம்சத்தார் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறார்கள், அந்த இரண்டு காணியில் விளைந்த நெல்லில். எங்களைக் கூப்பிடுவதில்லை. யாருக்கு வைக்கிறோம் என்று அவர்கள் யோசித்ததாகவும் தெரியவில்லை.

அந்த ஒரு நாள் மட்டும் நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், வாணியாற்றங்கரையில் எங்கள் வீட்டு வாசலில் கல் இருக்கிற கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பேன். அவர்கள் பொங்கல் இறக்குகிற நேரம் எனக்குத் தெரியும். அறுபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தலையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்ததில்லை. வெயில் சாய்ந்ததும் எழுந்து போய், உப்புப் போட்டுக் கஞ்சி குடிக்கிறேன்.